‘மற்றும் பலர்’: எண்ணெய்க் குழாயும் வழக்குத் தாளும்



ஜூன் 30 மதுரைப் பக்கத்துத் தலித் இயக்கத்தாருக்கு மேலவளவு நாள். 1997இல் அந்த நாளில்தான், தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட மேலவளவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பட்டப்பகலில் கொல்லப்பட்டார்கள். 2017இல் இருபதாம் ஆண்டு நினைவுக்குப் போய்விட்டு மேலூர் வழியாக வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். கதிராமங்கலத்தில் தடியடி என்ற செய்தி அப்போதுதான் செல்பேசிகளில் வரத் தொடங்கியது. எங்களில் ஒருவர், “அது நிலம் வச்சிருக்கவங்க போராட்டம், நமக்கென்ன?” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், வேனில் இருந்த பலருக்கும் அதே எண்ணம்தான். அந்தக் கேள்விக்குக் காலங்கடந்து நாங்கள் சொல்லும் பதில்தான் இந்த உரை.

முதலில் கதிராமங்கலத்தில் நடந்ததைப் பார்ப்போம். தஞ்சாவூர் மாவட்டத்தில் காவிரிக் கரையோர ஊர் அது. ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறுகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்பது ஊர்மக்களின் நெடுநாள் புகார். அந்த ஜூன் மாதத் தொடக்கத்திலேயே பெரும் போலீஸ் பாதுகாப்போடு நிறுவனத்தின் பணிகள் நடந்தன. 30ஆம் தேதி குழாய் உடைந்து வயலில் கச்சா எண்ணெய் கசிந்தது. மக்கள் அந்த இடத்தில் கூடி, மாவட்ட ஆட்சியர் நேரில் வர வேண்டும் என்று கேட்டார்கள். அங்கே தீ மூட்டப்பட்டது. மூட்டியது யார் என்பதில் போலீஸ் சொன்னது ஒன்று, மக்கள் சொன்னது வேறொன்று. தொடர்ந்து தடியடி நடந்தது. மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. ஜெயராமனும் ஊர்க்காரர்கள் ஒன்பது பேரும் கைதாகித் திருச்சி சிறைக்குப் போனார்கள். ஆகஸ்டில் நம்முடைய மதுரை உயர்நீதிமன்றக் கிளைதான் அவர்களுக்குப் பிணை கொடுத்தது. கசிந்த குழாய்க்காக எந்த அதிகாரியும் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை.

இதே ஜூலையில் சேலத்தில், நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த இதழியல் மாணவி வளர்மதி கைது செய்யப்பட்டார். அவர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்கள், போதைப்பொருள் விற்பவர்கள், ரவுடிகள் ஆகியோருக்காக 1982இல் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. விசாரணையில்லாமல் ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்தது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ இரண்டு மாதம் சிறையில் கழிந்திருந்தது.

இதில் நிறுவனத்தின் பங்கு என்ன? கைது செய்தது போலீஸ், உத்தரவு போட்டது அரசு, எண்ணெய் எடுத்தது மட்டும்தானே நிறுவனம் என்று கேட்கலாம். ‘உடந்தை’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

குற்றவியல் சட்டத்தில் உடந்தை என்றால் தூண்டுதல், சதியில் சேருதல், உதவுதல். மூன்றையும் நிரூபிக்க ஆதாரம் வேண்டும். அது எவ்வளவு கடினம் என்பதற்கு நைஜீரியாவின் ஓகோனி மக்களின் கதையே சான்று. நைஜர் வடிநிலத்தில் ஷெல் நிறுவனம் நிலத்தையும் ஓடைகளையும் பாழாக்கியதை எதிர்த்து எழுத்தாளர் கென் சாரோ-விவா மக்களைத் திரட்டினார். ராணுவ ஆட்சி அவர்மீது கொலைத் தூண்டுதல் வழக்குப் போட்டு, சிறப்புத் தீர்ப்பாயத்தில் விசாரித்து, 1995 நவம்பர் 10 அன்று அவரையும் வேறு எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. ஓகோனிப் பகுதிக்குப் போன படையினருக்கு ஒருமுறை படிப்பணம் கொடுத்ததை ஷெல் பின்னாளில் ஒப்புக்கொண்டது. பொய்ச் சாட்சி சொன்னால் பணமும் ஷெல்லில் வேலையும் கிடைக்கும் என்று தங்களுக்கு ஆசை காட்டப்பட்டதாக அரசுத் தரப்புச் சாட்சிகள் சிலர் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஷெல் அதை மறுத்தது. 2009இல் அமெரிக்க நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கும் தறுவாயில், எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல் 1.55 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. தூக்கிலிடப்பட்டவர்களின் மனைவியர் நால்வர் ஹேக் நகரில் தொடுத்த வழக்கில், போதிய ஆதாரம் இல்லை என்று 2022இல் தீர்ப்பு வந்தது.

ஆக, நீதிமன்றம் தேடும் உடந்தை பெரும்பாலும் கைக்குச் சிக்குவதில்லை. நாம் பேசும் உடந்தை அன்றாட அலுவலாக நடப்பது. பாதுகாப்புக் கேட்டு நிறுவனம் ஒரு கடிதம் எழுதுகிறது. போலீஸ் வருகிறது. அந்தப் பாதுகாப்பின் நிழலில் வேலை நடக்கிறது. தடுத்தவர்மேல் வழக்கு விழுகிறது. புகார்தாரர் பல வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலராகவோ சார்பு ஆய்வாளராகவோ இருப்பார். நிறுவனத்தின் பெயர் வழக்குத் தாளில் எங்கும் இருக்காது. அந்த வழக்கால் வரும் பலன் மட்டும் நிறுவனத்துக்குப் போகும்.

இங்கே நமக்குள்ளேயே ஒரு சங்கடம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஓ.என்.ஜி.சி. பொதுத்துறை நிறுவனம். அங்கே இடஒதுக்கீடு இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள், போடவும் வேண்டும். ஒரு நிறுவனத்தில் நம் பங்கைக் கேட்பதும், அது ஊரில் செய்வதைக் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று நாங்கள் நினைக்கவில்லை. தனியார் முதலாளிகளிடம் அந்தப் பங்கும் கிடையாது. 2018இல் தமிழ்நாட்டில் ஏலம் விடப்பட்ட மூன்று ஹைட்ரோகார்பன் தொகுதிகளில் இரண்டு வேதாந்தா நிறுவனத்துக்குப் போயின.

இனி வேனில் கேட்ட கேள்விக்கு வருவோம். அது யாருடைய போராட்டம்?

எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கு நிலத்தில் உரிமை எடுப்பதற்கென்றே 1962இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி நிலம் உரிமையாளரிடமே இருக்கும், அடியில் குழாய் பதிக்கும் உரிமை மட்டும் நிறுவனத்துக்குப் போகும். குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடும், பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடும் தர வேண்டும். அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். யார் சொல்லலாம்? ‘அந்த நிலத்தில் உரிமைத் தொடர்புள்ளவர்’. இழப்பீடு கேட்பதற்கும் அதே வரையறைதான்.

அந்த வயலில் நாற்று நடுகிறவர், களை பறிக்கிறவர், அறுப்பு அறுக்கிறவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார். வயலோரம் ஓடும் வாய்க்காலில் குளிக்கிற, அதன் பக்கத்து அடிபம்பில் குடிக்கிற சேரிக்காரருக்கும் அதில் இடம் கிடையாது. அவருக்குப் பட்டா ஏன் இல்லை என்பதை இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை. 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் யார் கைக்குப் போயின என்று நமக்குத் தெரியும். எண்ணெய் எடுக்கும் அதே கீழத்தஞ்சையில்தான் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட வெண்மணியின் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. நிலம் அங்கே யாருடையது என்ற கேள்வி ஓ.என்.ஜி.சி. எண்ணெய் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே ரத்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த வகையில், வேனில் பேசிய தோழர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

மற்றப் பாதி வழக்குத் தாளில் இருக்கிறது. ஆட்சேபம் சொல்லப் போனால் பட்டா கேட்கிறார்கள். கைது செய்ய வரும்போது யாரும் பட்டா கேட்பதில்லை. முதல் தகவல் அறிக்கையில் ஐந்தாறு பெயர்களுக்குப் பிறகு ‘மற்றும் பலர்’ என்று ஒரு தொடர் வரும். தலைவர்களின் பெயர் மேலே இருக்கும். அவர்களுக்கு வழக்கறிஞர் கிடைப்பார், செய்தித்தாளில் படம் வரும். அந்தத் தொடருக்குள் யாரை வேண்டுமானாலும் பிறகு சேர்க்கலாம். எங்களுக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு, தான் எந்த வழக்கில் இருக்கிறோம் என்பதே அழைப்பாணை வந்த பிறகுதான் தெரிந்தது. கூட்டத்தில் நின்றதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை.

நிலமுள்ளவருக்கு வழக்கு என்றால் அலைச்சல், செலவு, அவமானம். அரசு வேலையைத் தவிர ஏணியே இல்லாத வீட்டுக்கு அது வேறு விஷயம். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளின்படி, குற்ற வழக்கில் சேர்க்கப்பட்டவர் தகுதியிழக்கிறார். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் அந்த விதி விடுவதில்லை. எழுத்துத் தேர்விலும் உடல்தகுதித் தேர்விலும் தேறிய பிறகு, முன்வரலாற்றுச் சரிபார்ப்பில் விழுகிறார்கள். தூத்துக்குடியில் 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்ட பிறகு போடப்பட்ட வழக்குகளைத் திரும்பப் பெறும்போது, கைதானவர்களின் படிப்புக்கும் வேலைக்கும் தடையின்மைச் சான்று தருவோம் என்று 2021இல் அரசே அறிவிக்க வேண்டிவந்தது. மூன்றாண்டு எத்தனை விண்ணப்பங்கள் திரும்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் கடுமையாகிக்கொண்டே வருகிறது. எண்ணெய்த் திருட்டைத் தடுப்பதற்கென்று 1962ஆம் ஆண்டுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டது. குழாயைச் சேதப்படுத்தினால் பத்தாண்டு வரை கடுங்காவல். திருடனுக்காக எழுதிய பிரிவு, குழாய்ப் பள்ளத்தில் இறங்கி மறியல் செய்பவரையும் தொட்டுவிடலாம். 2015இல் நடந்த ஒரு போராட்டத்தில் ஓ.என்.ஜி.சி. சொத்தைச் சேதப்படுத்தியதாக, விவசாயச் சங்கத் தலைவர் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் 2025 டிசம்பரில் திருவாரூர் நீதிமன்றம் 13 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்திருக்கிறது.

தெருவுக்கு வருவதைத் தண்டிக்கும் அதே காலத்தில், தெருவுக்கு வராமல் பேசுவதற்கு இருந்த இடத்தையும் மூடினார்கள். 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை வேறொரு வகைக்கு மாற்றியது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அவற்றுக்கு இனித் தேவையில்லை. பட்டா இல்லாதவரும் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசக்கூடிய ஒரே சட்டப்பூர்வ மேடை அந்தக் கூட்டம்தான். அதிலும் ஆதிக்கச் சாதியாரே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு கதை. என்றாலும் பேச ஓர் இடம் இருந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அது தொடவில்லை. மதுரைச் சமவெளி அதன் எல்லைக்குள் வராது.

மதுரைக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. எண்ணூரிலிருந்து நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என்று நீளும் எரிவாயுக் குழாய்த் திட்டம் இந்தியன் ஆயில் நிறுவனத்தினுடையது. அதன் ராமநாதபுரம்–தூத்துக்குடிப் பகுதி 143 கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் அதைத் திறந்துவைத்தார்கள். 2024 நவம்பரில் மேலூர்ப் பகுதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை ஏலத்தில் எடுத்த இந்துஸ்தான் ஜிங்க், எண்ணெய்த் தொகுதிகள் வைத்திருக்கும் அதே வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்தது. அரிட்டாபட்டி மலையும் அதைச் சுற்றிய ஊர்களும் அந்த 2,015 ஹெக்டேருக்குள் இருந்தன. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து மக்கள் தல்லாகுளம் வரை திரண்டு வந்தார்கள். 5,000 பேர்மீது வழக்கு. அந்த மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. அடுத்து, 11,608 பேர்மீதான வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

மகிழ்ச்சியான செய்திதான். பட்டாசு வெடித்தவர்களில் நாங்களும் உண்டு. ஆனால் அறிவித்தால் மட்டும் வழக்கு தானாக முடிந்துவிடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 360ஆம் பிரிவின்படி, அரசு வழக்கறிஞர் மனுப் போட வேண்டும், நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். அந்த உத்தரவின் நகல் கையில் இருந்தால்தான் நாளைக்குச் சரிபார்ப்பு அதிகாரி முன்னால் பேச முடியும். இன்னொன்றும் இருக்கிறது. கென் சாரோ-விவாவுக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் 2025 ஜூன் 12 அன்று நைஜீரியக் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். குற்றம் செய்தவருக்குத்தான் மன்னிப்பு, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவியுங்கள் என்று ஓகோனி தரப்பிலிருந்து குரல் எழுந்தது. வழக்கைத் திரும்பப் பெறுவதும், போட்டது தவறு என்று ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல.

1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் நீரள்ளிக் குடித்ததை நாம் சூழலியல் போராட்டம் என்று சொல்வதில்லை. ஆனால் பொது நீர் யாருக்கு என்ற கேள்விதான் அங்கேயும் எழுந்தது. எனவே குழாய் எதிர்ப்புக் கூட்டங்களுக்கு நாம் போக வேண்டும் என்பதே எங்கள் நிலை. ஆனால் கூட்டத்துக்குத் தலை எண்ணிக்கையாகப் போவது வேண்டாம். கோரிக்கைப் பட்டியலில் கூலி இழக்கும் நாட்களுக்கான இழப்பீடு இருக்கிறதா, சேரியின் குடிநீர் சோதனை இருக்கிறதா, வழக்கு வந்தால் ‘மற்றும் பலர்’ எல்லோருக்கும் வழக்கறிஞர் உண்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும். தேர் இழுக்கையில் நம்மைத் தள்ளி நிற்கச் சொல்கிற ஊர், போலீஸ் வரும்போது மட்டும் முன்னால் நிற்கச் சொன்னால், அதையும் அந்தக் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. முதல் தகவல் அறிக்கைகளை, சில வகை வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. காவல்துறைத் தளத்தில் நிலையமும் ஆண்டும் கொடுத்துத் தேடலாம். உங்கள் ஊர்ப் பக்கத்தில் குழாய், சுரங்கம், ஆலை எதிர்ப்புக்காகப் போடப்பட்ட வழக்குகளின் எண், தேதி, பிரிவு, பெயர்கள் எல்லாவற்றையும் குறித்து எடுங்கள். திரும்பப் பெறப்பட்டதாகச் சொல்லப்பட்ட வழக்குகளுக்கு நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டதா என்று பாருங்கள். யாருக்காவது அழைப்பாணை வந்திருந்தால் அதன் நகலையும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.