இறந்தகால வினைமுற்று

இறந்தகால வினைமுற்று என்பது, பேசும் நேரத்துக்கு முன்பே ஒரு செயல் நிகழ்ந்து முடிந்ததைக் காட்டும் வினைமுற்று ஆகும். தமிழில் இது பெரும்பாலும் பகுதி, இடைநிலை, விகுதி ஆகிய உறுப்புகளால் அமைகிறது. "செய்தான்" என்பதில் "செய்" பகுதி. "த்" காலம் காட்டும் இடைநிலை. "ஆன்" ஆண்பால் விகுதி.

இடைநிலைகள்

நன்னூல் நான்கு இறந்தகால இடைநிலைகளைக் கூறுகிறது.

- த்: செய் + த் + ஆன் = செய்தான்
- ட்: உண் + ட் + ஆன் = உண்டான்
- ற்: தின் + ற் + ஆன் = தின்றான்
- இன்: பாடு + இன் + ஆன் = பாடினான்

விடு, பெறு போன்ற சில வினைகள் இடைநிலை பெறாமல், பகுதியின் ஒற்று இரட்டித்து விட்டான், பெற்றான் என இறந்தகாலம் காட்டும்.

இடைநிலை அமையும் முறை

எந்த வினை எந்த வடிவம் பெறும் என்பதைப் பகுதியின் ஈற்றெழுத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. செல், கொல் ஆகியன சென்றான், கொன்றான் என வர, "சொல்" என்பது சொன்னான் என வருகிறது.

ஒரே பகுதி இருவகையாகத் திரியும்போது பொருளும் மாறுகிறது. "அடை" என்பது அடைந்தான் என வந்தால் ஓரிடத்தைச் சேர்ந்தான் என்றும், அடைத்தான் என வந்தால் மூடினான் என்றும் பொருள்படும். இதனால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவற்றை "அடைதல்", "அடைத்தல்" எனத் தனித்தனியே பதிந்து, ஒவ்வொன்றுக்கும் வினைவகை எண் தருகிறது. தமிழ்ச் சொற்களைப் பகுத்தாயும் கணினி நிரல்களுக்கும் பகுதியுடன் இவ்வகைப்பாடு தேவைப்படுகிறது.

விகுதிகளும் பிற மொழிகளும்

வந்தேன், வந்தாய், வந்தாள் என விகுதியே இடத்தையும் பாலையும் உணர்த்துவதால், தமிழில் எழுவாயைக் கூறாமல் விடலாம். எசுப்பானிய மொழியிலும் "அப்லே" (பேசினேன்), "அப்லோ" (பேசினான் அல்லது பேசினாள்) என விகுதி இடத்தைக் காட்டும். ஆனால் ஆண்பால், பெண்பால் வேறுபாட்டைக் காட்டாது.

மலையாளத்தில் இவ்விகுதிகள் வழக்கொழிந்துவிட்டன. ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு என மூவிடத்துக்கும் ஒரே வடிவம் வரும். இம்மாற்றத்தை, மலையாளத்தைத் தமிழிலிருந்து வேறுபடுத்தும் இயல்புகளுள் ஒன்றாக ஏ. ஆர். ராஜராஜ வர்மா தமது கேரளபாணினீயத்தில் (1896) குறிப்பிட்டார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தக்கலை போன்ற, இரு மொழிகளும் அருகருகே வழங்கும் ஊர்களில் இவ்விரு முறைகளையும் ஒருங்கே கேட்கலாம்.

பயன்பாடு

எசுப்பானியத்தில் முடிந்த செயலுக்கும், கடந்த காலத்தில் தொடர்ந்த அல்லது வழக்கமாக நிகழ்ந்த செயலுக்கும் தனித்தனி வினைவடிவங்கள் உள்ளன. "கோமி" என்பது தின்றேன் என்றும், "கோமியா" என்பது தின்றுகொண்டிருந்தேன் அல்லது வழக்கமாகத் தின்றேன் என்றும் பொருள்படும். தமிழில் தொடர்ச்சியைக் காட்டக் "கொண்டிரு" போன்ற துணைவினைகள் சேர்க்கப்படுகின்றன.

இனி நிகழவுள்ள செயலையும் இறந்தகாலத்தில் கூறுவதுண்டு. புறப்படாதவர் விரைவு கருதி "இதோ, வந்துவிட்டேன்" என்பதும், மழைக்குறி கண்டவர் உறுதி கருதி "மழை வந்துவிட்டது" என்பதும் இவ்வகையின. இலக்கண நூலார் இதனைப் பிழையாகக் கொள்ளாமல் கால வழுவமைதி என ஏற்றுக்கொண்டனர்.