கருவும் நெசவும்

ஆரணியை அடுத்த கண்ணமங்கலத்திலே பட்டுத்தறியின் அருகே நின்று பார்த்த நாம் ஒன்று அறிவோம். பாவும் ஊடும் தத்தம் இடத்தில் அமைந்தால்தான் கரையும் முந்தானையும் தோன்றும். சேலையைப் பிரித்து இழைகளை எண்ணினால் நிறக்கணக்கு விளங்கும். கரை எங்கிருந்தது என்பது விளங்காது.

தாய்வயிற்றுக் கருவும் இத்தகையதே. ஒரே உயிரணு பலவாய்ப் பெருகுகின்றது. யாவற்றிலும் மரபுக்குறிப்பு ஒன்றேயாயினும், ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய பகுதியையே படித்து, நரம்பாகவும் தசையாகவும் வேறுபடுகின்றது. படிக்கப்பெற்ற பகுதியின் நகலே ஆர்.என்.ஏ. எனப்படுவது. 2009-இல் எலிக்கருவின் ஒற்றை உயிரணுவிலிருந்தே அந்நகல்களை விஞ்ஞானிகள் விரிவாகப் படித்தனர். ஆயின் உயிரணுவைப் பிரித்தெடுக்கவே, அதன் இடம் மறைந்தது. 2016-இல் வெளியான முறையில், மெல்லிய திசுச்சீவலை இடக்குறிகள் பதித்த கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, நகல்களை அவை இருந்த இடத்தோடே குறித்தனர்.

இக்கணக்கைப் பொருத்திப் பார்க்க, கருவில் எவ்வுயிரணு எங்குளது என்று காட்டும் படமும் வேண்டுமன்றோ? சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்னும் படத்தொகுதியை வெளியிட்டனர். 14 முதல் 24 வாரம் வரையுள்ள மனிதக் கருக்களின் மூளைச்சீவல்கள் 5,132 அதில் உயிரணு தெரியுமளவு நுட்பமாகப் படமாக்கப் பெற்றுள்ளன. அதனை யாவரும் கட்டணமின்றிக் காணலாம்.

சில குழந்தைகளின் மூளை கருவிலேயே பிறழ வளர்வதேன்? எவ்விழை, எவ்விடத்தில், எவ்வாரத்தில் வழுவிற்று என்று அறிந்தாலன்றி இதற்கு விடை கூறல் அரிது. இழைக்கணக்கும் இடக்கணக்கும் ஒருங்கே வேண்டும் என்பதே நம் துணிபு.