மடித்த காலும் தொங்கவிட்ட காலும்

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், புதுச்சேரி எட்டுவதற்கு முன்னால் கீழ்புத்துப்பட்டு. உப்புக் காற்று வெளிறடித்த கரையில் திடீரென்று ஓர் அடர்பச்சை. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு அது. பூரணை, பொற்கலையோடு அய்யனார் இங்கே காவல் இருக்கிறார். முடியிறக்கவும் காது குத்தவும் வரும் இந்தக் குலதெய்வ வாசலில் யோகத்தைத் தேட வேண்டும் என்று எனக்கும் வெகுகாலம் தோன்றவில்லை. யோகம் என்றால் இமயம், ரிஷிகேசம் என்றே நினைத்திருந்தேன்.

பழைய அய்யனார் கற்சிலைகளின் முழங்காலைப் பாருங்கள். ஒரு காலை மடித்து, மறு காலைத் தொங்கவிட்டு, கையில் செண்டோடு அமர்ந்திருப்பார். மடித்த காலையும் இடுப்பையும் சுற்றி ஒரு பட்டை ஓடும். அதுதான் யோகப்பட்டம். நெடுநேரம் அமரும் தவசியின் உடல் சாயாமல் தாங்கும் துணி. பதஞ்சலி ஆசனத்துக்கு ஒதுக்கியது மூன்றே சூத்திரங்கள். அவற்றுக்கு வியாசர் எழுதிய உரையில் ‘சோபாச்ரயம்’ என்றோர் ஆசனம் வருகிறது. யோகப்பட்டத்தின் துணையோடு அமர்வது என்று அதை விளக்குகிறார் வாசஸ்பதி மிஸ்ரர். ஏட்டில் இருக்கும் அந்த ஆசனம் நம் ஊர் எல்லையில் கல்லாக இருக்கிறது.

அய்யனாருக்கு நேர்ந்துவிடும் மண்குதிரைகளுக்கும் இதில் பங்குண்டு. யோகம் என்ற சொல்லின் வேர் ‘யுஜ்’. பூட்டுதல் என்று பொருள். வேத காலத்தில் அது தேரில் குதிரையைப் பூட்டுவதைக் குறித்தது. கடோபநிடதத்தில் எமன் சிறுவன் நசிகேதனுக்குச் சொல்லும் பாடமும் அதுவே: உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம். புலன்களை அசையாமல் பிடித்து நிறுத்துவதே யோகம் என்கிறான்.

ஆனால் எதற்காக நிறுத்த வேண்டும்? இங்கேதான் கச்சியப்பரின் கந்தபுராணம் எனக்கு நெருக்கமாகிறது. சிவன் யோகத்தில் ஆழ்ந்து சனகாதி முனிவர் நால்வருக்கும் மௌனத்தால் ஞானம் உணர்த்துகிறார். அவர் ஒடுங்கியதும் உலகில் ஆசை வற்றுகிறது, படைப்பு முடங்குகிறது. பதறிய தேவர்கள் மன்மதனை அனுப்ப, அவன் சாம்பலாகிறான். அதே நூலில் சிவனுக்கும் மோகினிக்கும் பிறந்த அய்யனாருக்கு வேறு வேலை. அசுரன் சூரபன்மனுக்கு அஞ்சிச் சீர்காழியில் மறைந்திருந்த இந்திரன், கயிலைக்குக் கிளம்பும்போது இந்திராணியை அவர் காவலில் விட்டுப் போகிறான். சூரபன்மனின் தங்கை அசமுகி வந்து அவளைப் பற்றி இழுக்கிறாள். அய்யனாரின் படைத்தலைவர் மகாகாளர் பாய்ந்து வந்து அசமுகியின் கையைத் துணிக்கிறார்.

அந்தத் தொங்கவிட்ட காலுக்கு நான் கண்ட பொருள் இதுதான். மடித்த கால் தவத்தில் இருக்கிறது. மறு கால் கூப்பிட்ட குரலுக்கு எழக் காத்திருக்கிறது. கண்மூடித் தன்னை மறப்பது மட்டுமே யோகம் என்று நாம் குறுக்கிக்கொண்டது பெரிய இழப்பு. விழித்திருந்து காப்பதையும் யோகம் என்று கண்டவர்கள் இந்த மண்ணின் சிற்பிகள்.

சோழமண்டலக் கரையெங்கும் ஒரு காலத்தில் உலர் பசுமைமாறாக் காடு இருந்தது. விறகுக்கும் சவுக்குக்கும் முந்திரிக்கும் அதில் பெரும்பகுதி போய்விட்டது. கீழ்புத்துப்பட்டில் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. காசா மரங்களும் கொடிகளும் பின்னிக் கிடக்கும் அந்த நிழலில் கிளை ஒடிக்க எளிதில் கை வருவதில்லை. உள்ளே அய்யனார் உட்கார்ந்திருக்கிறார்.