ஹெரால்டு வேகத்தில் கன்னியாகுமரி: பழைய கார்களில் கூட்டாகப் போக ஒரு திட்டம்

வண்டலூர் என்றால் பலருக்கும் உயிரியல் பூங்கா, அதற்கடுத்து கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட். என்னைப் போன்ற கார் பைத்தியங்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு: ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த தொழிற்சாலை. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியும் மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948-ல் ஆரம்பித்தது. வேன்கார்டு, எய்ட், டென், பென்னன்ட் என்று வரிசையாக வந்து, 1961-ல் ஹெரால்டு வந்தது. 1972-ல் கஸெல். கடைசியாக 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய கார். அது ஓடவில்லை, 1988-ல் கம்பெனியே மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்கள்.

சில மாதங்களாக நண்பர்கள் வட்டத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஹெரால்டு, இரண்டு அம்பாசடர், ஒரு பத்மினி (நம்ம ஊர்ல எல்லாருக்கும் அது ஃபியட்தான்), நான்கையும் எடுத்துக்கொண்டு வண்டலூரில் கிளம்பி கன்னியாகுமரி வரை போய்வரலாமா என்று. திட்டம் போடும் பொறுப்பு என் தலையில். அதற்காகப் படித்ததையும் மெக்கானிக்குகளிடம் கேட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நீங்களும் இப்படி ஒரு யோசனையில் இருந்தால் உதவும்.

முதலில் சொல்ல வேண்டியது: நான்கு பழைய கார் சேர்ந்து போகும்போது திட்டம் என்பது நான்கு காருக்கானது இல்லை, நான்கில் பலவீனமான ஒன்றுக்கானது. மற்ற மூன்றும் அதற்குத் துணைக்கு வருகின்றன. இதை எல்லோரும் மனசார ஒத்துக்கொள்ளாத வரை கிளம்பக்கூடாது.

1907-ல் பீகிங்கிலிருந்து பாரிஸ் வரை ஐந்து வண்டிகள் கிளம்பிய கதை கார் உலகத்தில் பிரபலம். இத்தாலி இளவரசர் போர்கீஸ் தன் பெரிய இதாலா காரில் ஜூன் 10-ம் தேதி கிளம்பி ஆகஸ்ட் 10-ம் தேதி பாரிஸ் சேர்ந்தார். எல்லாப் புத்தகமும் அவரைப் பற்றித்தான் பேசும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஐந்தில் ஒன்றான மூன்று சக்கர கொன்டல். கோபி பாலைவனத்தில் பெட்ரோல் தீர்ந்து அது நின்றுவிட்டது. மற்ற நான்கும் ஏற்கெனவே முன்னால் போயிருந்தன. அதில் இருந்த இருவரும் தண்ணீரில்லாமல் சாகக் கிடந்து, அந்தப் பக்கம் வந்த நாடோடி மக்களால் பிழைத்தார்கள். நம்ம ஜி.எஸ்.டி. ரோடு கோபி பாலைவனம் இல்லைதான். ஆனால் "முன்னாடி போய் டீ சாப்பிட்டுட்டே வெயிட் பண்றோம்" என்று மூன்று வண்டி போய்விட்டால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆம்னி பஸ் பறக்கும் ரோட்டோரத்தில் ஒரு குடும்பம் தனியாக நிற்கும். இப்படி ஓரமாக நிற்கும் வண்டியில் பின்னாலிருந்து வந்து மோதுவது நம் நெடுஞ்சாலைகளில் வழக்கமான விபத்து. பழைய காரின் பின்விளக்கோ தீக்குச்சி வெளிச்சம்தான்.

அதனால் ஹெரால்டு முதலில் போகும். அது வைக்கிற வேகம்தான் எல்லோருக்கும் வேகம். நடுவில் ஃபியட்டும் ஓர் அம்பாசடரும். கடைசியில் நல்ல கண்டிஷனில் உள்ள இன்னொரு அம்பாசடர், டோ கயிறு, முக்கோண எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் சட்டைகளோடு. கடைசி வண்டி ஓட்டுகிறவர் யாரையும் முந்தவே கூடாது. நின்ற வண்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, முக்கோணத்தைக் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி வைப்பதுதான் அவர் முதல் வேலை. பானெட்டைத் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஹெரால்டு ஏன் பலவீனம்? வண்டி மோசம் என்று இல்லை. மிக்கெலோட்டி வரைந்த அழகான உருவம், பானெட் முழுவதும் முன்பக்கமாகத் திறக்கும், நின்ற இடத்தில் திரும்புகிற மாதிரி திரும்பும். ஆனால் 948 சி.சி. எஞ்சின், தோராயமாக 40 குதிரைத்திறன். நான்கு பேரும் பெட்டியும் ஏற்றினால் 60, 65-ல் போவதுதான் அதற்கு நிம்மதி. அம்பாசடர் உற்பத்தி 2014-ல்தான் நின்றது, சாமான் இன்னும் கிடைக்கிறது. ஃபியட்டுக்கு ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்தால் ஏதாவது தேறும். ஹெரால்டுக்கு? கம்பெனி மூடி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஹெட் வெடித்தால் வாங்குவதற்குக் கடை இல்லை. அந்தக் கார் இன்னொரு காரின் உதிரிபாகமாக முடிந்துவிடும். அதன் வேலை கைவந்த மெக்கானிக்குகளும் வயதானவர்கள், கூப்பிட்டதும் மதுரைக்கு வர மாட்டார்கள். இந்தப் பயணத்தில் பணயம் வைப்பது அதைத்தான்.

கிளம்பும் முன் ஹெரால்டில் பார்க்க வேண்டியது ஒன்றைத் தனியாகச் சொல்லணும். முன் சக்கரத்தின் செங்குத்துத் தண்டு, அடியில் டிரனியன் என்ற பித்தளைத் துண்டுக்குள் மரையில் சுழலும். இதற்குள் போக வேண்டியது 90 கியர் ஆயில், கிரீஸ் இல்லை. கிரீஸ் கன் பிடிக்கிற இடத்திலெல்லாம் கிரீஸ் அடிப்பது நம்ம ஒர்க்‌ஷாப் பழக்கம். உள்ளே கிரீஸ் இறுகி, ஈரம் தங்கி, தண்டு துரு பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் உடைந்து சக்கரம் மடங்கும். கழற்றிப் பார்க்காமல் இந்த வண்டியில் தொலைதூரம் போகாதீர்கள். அதேபோல் பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸில். திருப்பத்தில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் உள்ளே மடங்கி வண்டி சறுக்கும். கஸெலில் கம்பெனியே இதை மாற்றிச் சாதாரண ஆக்ஸில் போட்டது. ஆகவே ஹெரால்டின் சாமான் மூட்டை எல்லாம் அம்பாசடர் டிக்கிக்குப் போகட்டும்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. ஊறிப்போகும், வெடிக்கும், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும். தீப்பிடிக்க வேறெதுவும் தேவையில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு விற்கிற உயர்ந்த ரக ஹோஸாக முழுவதும் மாற்றிவிட வேண்டும். பழைய டேங்கின் அடியில் படிந்திருக்கும் கசடையும் எத்தனால் கரைத்து இழுத்து வரும், அதனால் ஃபில்டர் இரண்டு மூன்று கையில் இருக்கணும். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே கார்புரேட்டர் அளவில் கலவை லீன் ஆகும், எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளையாக இருந்தால் ஜெட்டை மாற்ற வேண்டிய நேரம். காபி நிறம்னா சந்தோஷம்.

சூடு என்றதும் டோல்கேட். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசை கட்டும். இந்தக் கார்களில் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. ஐடிலில் மெதுவாகச் சுற்றும், காற்று போதாது, முள் ஏறும். பெட்ரோல் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நிற்கும். ஈரத்துணியை பம்ப் மேல் சுற்றுகிற நம்ம டிரைவர்களின் வைத்தியம் இன்றைக்கும் செல்லும், ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துண்டும் சீட்டுக்கடியில் இருக்கட்டும். தனி எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று மாட்டினால் ஒரிஜினாலிட்டி போய்விடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். என்னைக் கேட்டால் மாட்டிவிடலாம். கண்காட்சிக்குப் போகும்போது கழற்றிக்கொள்ளலாமே.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த ஜனவரி கடைசி வாரம்தான் நான் குறித்திருக்கும் காலம். மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. இரவு ஓட்டம் வேண்டவே வேண்டாம். டைனமோ உள்ள வண்டிகளில் மெதுவாக ஊர்கிறபோது சார்ஜ் ஏறாது, ஹெட்லைட் போட்டால் பேட்டரி இறங்கும். ஆறு மணிக்குக் கிளம்பி பதினொன்றரை வரை, அப்புறம் மூன்றரை முதல் ஐந்தரை வரை. நிற்பதெல்லாம் சேர்த்தால் சராசரி 35, 40 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. வண்டலூரிலிருந்து கன்னியாகுமரி சுமார் 670 கிலோமீட்டர். முதல் நாள் பெரம்பலூர், சுமார் 240. இரண்டாம் நாள் மதுரை, 190. மதியமே போய்விடலாம், அந்த அரை நாளை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன், முதல் நாள் கிளப்பும் பிரச்சினைகளை அங்கே பார்த்துக்கொள்ள. மூன்றாம் நாள் மறுபடி 240. புது காரில் ஒரே நாளில் போகிற தூரம்தான் இது. வழியில் கொடைக்கானல் ஏறலாமா என்று ஒருத்தர் கேட்டார். நான்கு சக்கரமும் டிரம் பிரேக், ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் போனால் எல்லாப் பிரேக்கும் போகும். இந்தத் தடவை மலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காகிதம் பற்றியும் கொஞ்சம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, ஒரிஜினல் வடிவத்தில் இருக்கும் வண்டியை வின்டேஜ் என்று பதியலாம், நம்பரில் வி.ஏ. என்று வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது இவற்றுக்குத்தான். நண்பர்கள் உல்லாசமாகப் போவது பேரணியா என்று டோல்கேட்டில் நின்று வாதாட எனக்கு ஆசையில்லை. சாதாரண ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்திருக்கும் வண்டிதான் இந்த மாதிரிப் பயணத்துக்குச் சரி. நாங்கள் நாலு பேரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

இனி கஷ்டமான பகுதி, மனுஷங்க. கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கப்போகிறேன். ரோட்டோரத்தில் 45 நிமிடத்தில் சரியாகாத வண்டி ரெக்கவரி லாரியில் ஏறும். சொந்தக்காரர் மறுத்துப் பேசக்கூடாது. லாரிச் செலவு பொதுப் பணத்திலிருந்து. யார் வண்டி நின்றாலும் நான்கு பேரும் சமமாக, இல்லையென்றால் ஹெரால்டுக்காரர் செலவுக்குப் பயந்து முள் சிவப்புக்குப் போனதை மறைத்து ஓட்டுவார். ஹெட் வெடிப்பது அப்படித்தான். நின்ற வண்டியில் இருந்தவர்கள் மற்ற மூன்றில் ஏறணும், அதனால் நான்கு வண்டிக்கு மொத்தம் பன்னிரண்டு பேர், அதற்கு மேல் கிடையாது. "மச்சான், சித்தப்பா பையனும் வரானாம்" என்பதற்கு இப்பவே பதில் சொல்லியாச்சு.

உதிரிபாகங்களும் பொதுதான். ஃபேன் பெல்ட், சி.பி. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், ரேடியேட்டர் ஹோஸ், பம்ப் கிட், பிரேக் வாஷர் கிட், ஒரு ஹெட் கேஸ்கெட். அம்பாசடருக்கு ஒரு செட், ஃபியட்டுக்கு ஒரு செட், ஹெரால்டுக்குக் கிடைத்ததெல்லாம். பேட்டரி இறங்கினால் ஜம்ப் கேபிள் போடும் முன் ஒன்று: பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த். பக்கத்து வண்டி நெகட்டிவ் எர்த்தாக இருந்து இரண்டின் பாடியும் உரசினால் நெருப்புதான். ஒவ்வொரு பானெட்டுக்குள்ளும் எது எர்த் என்று பெயின்ட்டில் எழுதிவிடச் சொல்லியிருக்கிறேன்.

கன்னியாகுமரியில் ஒரு முழு நாள் வண்டிகளுக்கு ஓய்வு. பிரேக், ஆயில், டிரனியன், எல்லாம் மறுபடி பார்த்து, ஹெரால்டு திரும்பி ஓடி வருமா லாரியில் வருமா என்று அங்கே முடிவு செய்வோம். அந்த முடிவை மட்டும் அதன் சொந்தக்காரரிடம் விடாமல் மற்ற மூன்று பேரும் எடுப்பதாகப் பேச்சு. வண்டலூர் வந்து சேர்ந்ததும் நான்கு டேங்கையும் காலி பண்ணிவிடணும். எத்தனால் பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் நிற்கிற வண்டியில் அது அடியில் தண்ணீராகப் பிரிந்து டேங்கை அரித்துவிடும்.