மாமாவும் மோட்டார் ரேஸும்

எங்கள் பெண்ணாடத்தில் வேகம் என்றால் ரயில்தான். ஸ்டேஷனில் நிற்காமல் பாய்ந்து செல்லும் எக்ஸ்பிரஸ்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். மற்றபடி கரும்பு ஏற்றிய டிராக்டரின் நடைதான் ஊரின் நடை. கோயிலின் பெயரே தூங்கானை மாடம்! படுத்துறங்கும் யானையின் பின்புறம் போல வளைந்த விமானம். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து மோட்டார் ரேஸ் பார்க்கப் பட்டணம் புறப்பட்டோம் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும்.

காரணம் என் தாய்மாமா. லாரி மெக்கானிக். எஞ்சின்களுக்கு நடுவே நின்று நின்று காது ஏறக்குறையப் போய்விட்டது. வாலிபத்தில் சென்னையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது சோழவரம் ரேஸுக்குத் தவறாமல் போனவர். "மாப்ளே, கொஞ்சம் காது மிச்சம் இருக்கறப்பவே அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டுப்புடணும்டா" என்று அடிக்கடி சொல்வார்.

சோழவரம் என்பது இரண்டாவது உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுதளம். யுத்தம் முடிந்தது, ஓடுதளம் மிஞ்சியது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. விமானம் ஓடிய இடத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. ஜனங்கள் திரள் திரளாகப் போனார்கள். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை வந்தது. மாமா அங்கே போனதில்லை. அதற்குள் பெண்ணாடத்தில் சொந்தப் பட்டறை, குடும்பம், கடன்!

பிறகுதான் தீவுத்திடல் செய்தி வந்தது. நகரத்துக்கு நடுவே, நாம் பஸ்ஸில் போகும் சாலைகளிலேயே, ராத்திரி விளக்கொளியில் ரேஸ்! 2023 டிசம்பர் 9, 10 என்று தேதி குறித்தார்கள். மிக்ஜாம் புயல் வந்து சென்னையை வெள்ளக்காடாக்கியது. பந்தயம் தள்ளிப் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில் இது தேவையா என்று வழக்கும் நடந்தது. நியாயமான கேள்விதான். 2024 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் அனுமதி தந்தது. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 என்று புதுத் தேதி.

டிக்கெட் விலையை மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஸ்டேஷனிலிருந்தே திரும்பியிருப்பார்.

சனிக்கிழமை காலை திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டுக் கோட்டைக்கு நடந்தோம். ரேஸ் பார்க்க வந்தவன் கோட்டையைப் பார்க்காமல் போகலாமா? 1640-ல் கட்டத் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் கோட்டை. உள்ளே 1680-ல் திறந்த மேரி மாதா ஆலயம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்தபோது ஆங்கிலேயர் தலைமையகத்தை எங்கே கொண்டு போனார்கள் தெரியுமோ? நம் கடலூருக்கு! தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்துதான் சில வருஷம் ராஜாங்கம் நடந்தது. இதைச் சொன்னதும் மாமாவின் நடையில் ஒரு மிடுக்கு வந்தது.

தீவுத்திடலை ஒட்டி சர் தாமஸ் மன்றோ குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார், 1839-லிருந்து. குதிரைக்கு அங்கவடி கிடையாது. மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பிரேக் இல்லாத வண்டியை ஷெட்டை விட்டே வெளியில எடுக்கக்கூடாது" என்றார்.

மன்றோவைச் சுற்றியுள்ள பாதைதான் பந்தயப் பாதை. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, 1869-ல் கட்டிய நேப்பியர் பாலம். மொத்தம் மூன்றரைக் கிலோமீட்டர், பத்தொன்பது வளைவுகள். மொனாக்கோவில் 1929 முதலும் மக்காவில் 1954 முதலும் இப்படி ஊர்ச் சாலையில்தான் ஓட்டுகிறார்கள். சாலையில் ஓட்டுவதில் ஒரு சங்கடம். தனிப் பாதையில் சறுக்கினால் மணல் உண்டு, புல் உண்டு. இங்கே சறுக்கினால் எதிரே சுவர்தான்.

முதல் நாள் பாதைக்குப் பாதுகாப்புச் சான்று வரத் தாமதமாகி, இருட்டிய பிறகே கார்கள் இறங்கின. மறுநாள்தான் எங்களுக்கு ரேஸ்.

விளக்கு வெளிச்சத்தில் சாலை பகலாக இருந்தது. ஃபார்முலா 4 கார் மிகவும் தாழ்வானது. மணிக்கு இருநூறு கிலோமீட்டரைத் தாண்டக்கூடியது. கண் பார்ப்பதற்குள் போய்விடுகிறது. சத்தம்தான் பின்னால் வந்து நெஞ்சில் இடிக்கிறது. பக்கத்தில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. மாமாவோ காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். எனக்குப் பகீரென்றது. இவ்வளவு தூரம் வந்து, கேட்கவில்லையோ?

அவர் முன்னாலிருந்த இரும்புக் கம்பியில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. விரல்கள் கம்பியில் தாளம் போடுவது போல அசைந்தன. ஒரு கார் போனதும் புருவத்தைச் சுளித்தார்.

"அதோ போறானே, அவன் கியரை ரொம்பச் சீக்கிரம் மாத்துறான்."

"கேக்குதா மாமா?"

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டேன். அவர் கையைக் கம்பியிலிருந்து எடுக்கவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று தோளைத் தொட்டுக் கத்தினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசிக் கார் போய் விளக்குகள் சில அணைந்த பிறகுதான் கருவியை எடுத்துக் காதில் மாட்டினார்.

"என்னமோ கத்துனியே, என்னடா?"

"ரயில் போயிடுச்சு மாமா."

"போவட்டும்டா. காலையில வேற ஒண்ணு இருக்குமில்ல?" என்றவர், தூரத்தில் காரைத் தள்ளிக்கொண்டு போகும் பையன்களை எட்டிப் பார்த்தபடியே நின்றார்.