குலுக்கிய கரமா, மறைந்த நோயா?

கைக்குழந்தை இறக்கிறது, மேனியில் காயமில்லை, மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு. இங்கிலாந்தில் ஹல் நகரின் மூளை அறுவை மருத்துவர் நார்மன் குத்கெல்ச் 1971-இல் விளக்கம் தந்தார்: சினத்தில் குலுக்கினால் மூளைமேலுள்ள நுண்ணிய நாளங்கள் அறுந்துவிடக் கூடும். தூளியை மெல்ல ஆட்டும் நம் அன்னையர் அஞ்ச வேண்டியதில்லை, இது வேறு.

பெற்றோரை எச்சரிக்கவே அவர் எழுதினார். பின்னாளில் நீதிமன்றங்கள் சில, கசிவைக் கண்டதும் குழந்தையைக் கடைசியாக ஏந்தியிருந்தவரைக் குற்றவாளியெனத் தீர்த்தன. 90 வயதைக் கடந்த பின், 2012-இல், அம்மருத்துவரே அதை எதிர்த்து எழுதியதை நாம் வியக்கிறோம். குருதி உறையாக் குறைபாடும் பிறவிக் கோளாறும் அதே கசிவைத் தரலாம். கொடுமைக்குள்ளான குழந்தைகளும் உண்டு. ஆகவே எலும்புகள், குருதி, பிறப்புக் குறிப்பு யாவும் ஆராயப்பட வேண்டும்.