8 ஜிபி ரேம் போட்டும் 3 ஜிபிதான் காட்டுகிறதா?



சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். மகள் கேட் டிசைன் கோர்ஸ் படிக்கிறாள். லேப்டாப் ஓடவே மாட்டேன் என்கிறதென்று பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 4 ஜிபி ரேம் வாங்கி, ஏற்கெனவே இருந்த 4 ஜிபியோடு சேர்த்துப் போட்டிருக்கிறார். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரையில் "8.00 ஜிபி (2.93 ஜிபி யூசபிள்)" என்று இருக்கிறது. "டூப்ளிகேட் மால் கொடுத்துட்டான் பாய். நாளைக்கு லீவு போட்டுட்டுப் போய் அவன் கடை வாசல்லயே கேக்கப் போறேன்" என்றார்.

அளவில் குறைப்பவர்களைக் கண்டித்து ஒரு அத்தியாயமே இருக்கும் மார்க்கம் நம்முடையது. அவர் கோபம் எங்களுக்குப் புரிந்தது. ஆனால் கடைக்காரர் உண்மையிலேயே குறைத்தாரா என்று பார்க்காமல் நாலு பேர் முன்னால் அவரைத் திருடன் என்று சொல்வதும் சின்ன விஷயமில்லை. "அஞ்சு நிமிஷம் உட்காருங்கள்" என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்தோம்.

திஸ் பிசி மீது வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, இன்ஸ்டால்டு ரேம். இது மெஷினுக்குள் எவ்வளவு ரேம் இருப்பதாகக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருக்கிறது என்ற கணக்கு. அங்கே 8 என்று இருந்தாலே கடைக்காரர் கொடுத்த 4 ஜிபி வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடைப்புக்குள் இருப்பது, விண்டோஸ் பயன்படுத்தக்கூடிய அளவு. இரண்டாவது விஷயம் கீழே, சிஸ்டம் டைப் என்ற வரியில். அவருடைய லேப்டாப்பில் "32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர்" என்று இருந்தது. விஷயம் அங்கேதான்.

ரேமில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதவு எண் வேண்டும். 32-பிட் விண்டோஸிடம் மொத்தம் 429 கோடியே 49 லட்சம் சொச்சம் எண்கள்தான் உண்டு; அதுதான் 4 ஜிபி. அதிலும் டிஸ்ப்ளே, நெட்வொர்க் போன்ற பாகங்களுக்குச் சில எண்களை ஒதுக்க வேண்டும். மீதி 3 ஜிபி சொச்சம், சில மெஷின்களில் அதற்கும் கீழே. அதற்கு மேல் எத்தனை ஜிபி வாங்கிப் போட்டாலும் கதவு எண் இல்லாத வீட்டுக்குத் தபால் போகாது. முன்பு யாரோ லேப்டாப்பை ஃபார்மட் செய்தபோது கையில் இருந்த 32-பிட் டிஸ்க்கைப் போட்டுவிட்டார்கள்.

பிராசசர் எக்ஸ்64 என்று இருப்பதால் 64-பிட் விண்டோஸ் போடலாம். மேலோட்டமாக அப்டேட் செய்ய முடியாது. முழுதாக அழித்துத்தான் போட வேண்டும். அதனால் போட்டோ, சான்றிதழ், ஸ்காலர்ஷிப் விண்ணப்ப நகல் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்து வைக்க வேண்டும். அதே பதிப்பாக இருந்தால் ஏற்கெனவே உள்ள ஒரிஜினல் லைசென்ஸ் போதும். "64-பிட்டுக்குத் தனி கீ வாங்கணும்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த மாலையே போட்டுக் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், 7.8 ஜிபி காட்டியது. பெங்களூர் பயணம் நின்றது.

மீதி 0.2 எங்கே என்றும் கேட்டார்! அது ஹார்டுவேர் எடுத்துக்கொள்வது, எல்லா மெஷினிலும் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சில கம்ப்யூட்டர்களில், ஏஎம்டி ரைசன் போன்றவற்றில், டிஸ்ப்ளேக்காக 2 ஜிபி வரை ஒதுக்கிவிடும். 8-க்கு 5.9 என்று காட்டும். அது பழுதல்ல. பயாஸில் அந்த ஒதுக்கீட்டைக் குறைக்க வழி இருந்தால் குறைக்கலாம்.

64-பிட் விண்டோஸ் இருந்தும் பாதி காணவில்லை என்றால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், மேக்சிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் கூடும் என்று எங்கோ வீடியோ பார்த்துப் பையன்கள் டிக் போட்டிருப்பார்கள். இன்னும் பழைய விண்டோஸ் 7 ஓடும் வீடுகளும் உண்டு. அதில் ஸ்டார்டர் பதிப்பு என்றால் 2 ஜிபிக்கு மேல் எடுக்காது, ஹோம் பேசிக் 64-பிட் என்றால் 8 வரை.

இன்ஸ்டால்டு எண்ணே 4 என்று நின்றால் கதை வேறு. மெஷினை அணைத்து, சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, 'டக்' என்று பூட்டும்வரை அழுத்திப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு ரேமாக, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள். பழைய ரேம் இரண்டு ஸ்லாட்டிலும் வேலை செய்து, புதியது எதிலுமே வேலை செய்யாவிட்டால் மட்டும் பில்லோடு கடைக்குப் போங்கள். அப்போதும் முதலில் உங்கள் மாடலுக்குப் பொருந்தும் வகைதானா என்று கேளுங்கள். 1.5 வோல்ட் ரேம், 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் வேலை செய்யாது. அது போலிச் சரக்கல்ல, மாற்றிக் கேட்க வேண்டியது.

பார்த்துத் தர ஆள் இல்லாதவர்கள் ஞாயிறு லுஹருக்குப் பிறகு டிரஸ்ட் கணினி மையத்துக்குக் கொண்டுவரலாம். கட்டணம் இல்லை. சார்ஜரும், ஃபைல்களை எடுத்துவைக்க ஒரு காலி பென்டிரைவும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.